பதினான்கு அணிகளுக்குப் பந்தெறிந்த கை: பேஸ்பாலில் ‘ஜர்னிமேன்’ பிட்சர் என்பவர் யார்?

2010 ஜூன் 25 அன்று இரவு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் எட்வின் ஜாக்சன் என்ற 26 வயது இளைஞர் 149 பந்துகளை எறிந்தார். அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணிக்காக ஆடிய அவரது பந்தில் எதிரணியான டாம்பா பே ரேஸ் ஒரே ஒரு ‘ஹிட்’கூட, அதாவது பந்தை அடித்து ஒரு தளத்தையாவது எட்டும் அடிகூட, அடிக்கவில்லை. பேஸ்பாலில் இதற்கு ‘நோ ஹிட்டர்’ என்று பெயர். 1876 முதல் இன்றுவரை, உயர்மட்டத் தொழில்முறைத் தொடரான மேஜர் லீக்கின் வரலாற்றில் முன்னூற்றுச் சொச்சம் முறைதான் இது நிகழ்ந்திருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் சக வீரர்கள் ஓடிவந்து அவரைக் கட்டித் தழுவினார்கள்.

சரியாக 35 நாட்கள் கழித்து, ஜூலை 30 அன்று, அதே அணி அவரை சிகாகோவுக்கு அனுப்பிவிட்டது.

இந்த இரண்டு தேதிகளையும் முதன்முதலாக அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்படி ஒரு சாதனை செய்தவரை எந்த அணியாவது விட்டுக்கொடுக்குமா? அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ‘ஜர்னிமேன்’ என்ற சொல்லிடம் போய்ச் சேர்ந்தேன். பேஸ்பாலை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களுக்கும் புரியும்படி அதை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பிட்சர். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் செய்கிற வேலையைப் பேஸ்பாலில் செய்பவர் இவர். ஆனால் ஓடிவந்து வீசுவதில்லை. சிறிய மண்மேடு ஒன்றின்மீது நின்று, 18.44 மீட்டர் தொலைவில் மட்டையோடு நிற்பவரை நோக்கிப் பந்தை நேராக எறிகிறார். பந்து தரையில் படாமல், மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட ஒரு கற்பனைக் கட்டத்தின் வழியாகப் போக வேண்டும். அப்படிப் போனாலோ, மட்டையாளர் வீசித் தவறவிட்டாலோ அது ‘ஸ்ட்ரைக்’. மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் அவுட். கட்டத்துக்கு வெளியே போகிற பந்தை அவர் அடிக்காமல் விட்டால் அது ‘பால்’. நான்கு பால் சேர்ந்தால் மட்டையாளர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். இதுதான் ‘வாக்’. மைதானத்தில் உள்ள நான்கு தளங்களையும் வரிசையாகச் சுற்றி வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் ஓர் இன்னிங்ஸில் அந்த அணியின் முறை முடியும். ஒன்பது இன்னிங்ஸ் சேர்ந்தது ஓர் ஆட்டம்.

கிரிக்கெட்டில் ஐந்தாறு பேர் மாறி மாறி வீசுவார்கள். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர், உடலும் ஆட்டமும் ஒத்துழைக்கும்வரை, இடைவிடாமல் அவரேதான் எறிகிறார். வழக்கமாக 100 பந்துகளை நெருங்கும்போது அவரை இறக்கிவிடுவார்கள். தோளும் முழங்கையும் அதற்குமேல் தாங்காது என்பது பொதுவான கணிப்பு. ஆகவே ஒரு நாள் எறிந்தவருக்கு அடுத்த நான்கைந்து நாட்கள் ஓய்வு. மேஜர் லீக் அணி ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அத்தனைக்கும் பிட்சர்கள் வேண்டும். யாருக்காவது முழங்கைத் தசைநார் கிழியும், யாருக்காவது தோள் வீங்கும். எந்த அணியைக் கேட்டாலும் ‘நம்மிடம் பிட்சர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள்’ என்று சொல்லமாட்டார்கள். அந்த ஓயாத தேவைதான் ஒரு பிட்சரை ஊர் ஊராகக் கொண்டுபோகிறது.

இப்போது அந்தச் சொல். ‘ஜர்னி’ என்றால் பயணம் என்று நாம் அறிவோம். ஊர் ஊராக அலைபவர் என்பதால் ஜர்னிமேன் என்று அழைக்கிறார்கள் போலும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அதன் வேர் ‘ஒரு நாள் வேலை’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். ஐரோப்பாவின் கைவினைத் தொழில்களில் பயிற்சிக் காலத்தை முடித்தவர், ஆனால் சொந்தப் பட்டறை வைக்காதவர், வேறொரு தலைமைக் கைவினைஞரிடம் நாட்கூலிக்கு வேலை செய்வார். அவரே ஜர்னிமேன். தொழில் தெரியாதவர் என்று அதற்குப் பொருளில்லை. தொழில் தெரிந்தவர், தேர்வானவர், ஆனால் ஓரிடத்தில் வேர்விடாதவர். ஒரு கொத்தனாரின் கைச்சுத்தம் ஊரறிந்ததாக இருக்கலாம். அவர் கட்டிய வீடுகள் எதுவும் அவருடையவை அல்ல. அப்படித்தான் இதுவும்.

விளையாட்டுச் செய்திகளில் இந்தச் சொல்லைச் சிறிது தாழ்வான தொனியில் பயன்படுத்துகிறார்கள். நட்சத்திரம் ஆகாதவர், எங்கும் நிலைக்காதவர் என்பது அதன் உட்பொருள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்பதை ஜாக்சனின் வாழ்க்கையே சொல்லும்.

ஜாக்சன் 1983 செப்டம்பர் 9 அன்று அன்றைய மேற்கு ஜெர்மனியின் நொய்-உல்ம் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். பின்னர் குடும்பம் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்கு வந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் 2001இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி அவரை ‘டிராஃப்ட்’ மூலம் எடுத்துக்கொண்டது. டிராஃப்ட் என்பது புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. இதில் வீரருக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. அணிதான் வீரரைத் தேர்ந்தெடுக்கிறது. அவரது தொழில் வாழ்க்கையில் பிறகு நடந்த பலவற்றுக்கும் இந்த முதல் நாளே முன்னோட்டமாக அமைந்துவிட்டது.

இருபதாவது பிறந்தநாள் அன்று, 2003 செப்டம்பர் 9இல், மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். எதிரே எறிந்தவர் ராண்டி ஜான்சன், அந்தத் தலைமுறையின் மிக அச்சுறுத்தும் பிட்சர்களில் ஒருவர். ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன் மட்டும் கொடுத்து அந்த இளைஞர் வென்றார். ஆட்டம் 4-1. அன்று அதைப் பார்த்த எவரும் இவர் டாட்ஜர்ஸ் அணியிலேயே பத்தாண்டு இருப்பார் என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் பந்து அவர் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. வேகம் இருந்தது, கட்டுப்பாடு இல்லை. மைனர் லீக் என்பது ஒவ்வொரு மேஜர் லீக் அணியும் இளம் வீரர்களைப் பக்குவப்படுத்துவதற்காக வைத்திருக்கும் கீழ்மட்ட அணிகளின் தொடர். டாட்ஜர்ஸின் மேல்படி மைனர் அணி அப்போது லாஸ் வேகாஸில் இருந்தது. ஜாக்சன் அங்கும் இங்குமாக ஏறி இறங்கினார். 2006 ஜனவரியில் டாட்ஜர்ஸ் அவரை டாம்பா பேக்கு மாற்றிக்கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 22.

இந்த ‘மாற்றிக்கொடுப்பது’தான் ‘டிரேடு’. பேஸ்பாலைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான சொல் இல்லை என்பேன். ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு அணி மாறுவது புதிதில்லை. ஆஸ்திரேலியாவின் ஆரோன் ஃபின்ச் ஒன்பது ஐபிஎல் அணிகளுக்கு ஆடியிருக்கிறார். ஆனால் அங்கே ஒப்பந்தம் முடிந்து, பெயர் ஏலத்துக்கு வந்து, பருவம் தொடங்குவதற்கு முன்பே பெரும்பாலான மாற்றங்கள் நடந்துவிடும். பேஸ்பாலில் பருவத்தின் நட்டநடுவே, ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே, ஓர் அணி தன் வீரரை இன்னோர் அணிக்குக் கொடுத்துப் பதிலாக வேறு வீரர்களைப் பெறலாம். வீரரின் சம்மதம் தேவையில்லை. தொலைபேசி மணி அடிக்கும். ஓரிரு நாளில் அவர் வேறு நகரத்தில், வேறு சட்டையில், நேற்றுவரை எதிரிகளாக இருந்தவர்களோடு நிற்க வேண்டும். மனைவி, குழந்தைகள், வாடகை வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் பின்னால் மெல்ல மெல்ல வந்து சேரும், அல்லது சேராது.

இதில் ஆறு ஆண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. மேஜர் லீக்கில் ஆறு ஆண்டுகள் பணி முடிக்கும்வரை ஒரு வீரர், அவரை வைத்திருக்கும் அணிக்குக் கட்டுப்பட்டவர். முதல் மூன்று ஆண்டுகள் ஏறத்தாழக் குறைந்தபட்சச் சம்பளம். அடுத்த மூன்று ஆண்டுகள் நடுவர் மன்றம் வழியாகச் சம்பளம் கேட்கலாம். ஆறு முடிந்த பிறகுதான் அவர் ‘ஃப்ரீ ஏஜென்ட்’, அதாவது எந்த அணியோடும் தானே பேரம் பேசும் சுதந்திர வீரர். எனவே ஒரு வீரரின் விலை அவர் எவ்வளவு நன்றாக எறிகிறார் என்பதைப் பொறுத்தது மட்டுமில்லை. அவரது ஆறு ஆண்டில் இன்னும் எத்தனை மிச்சம் என்பதையும் பொறுத்தது. இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஜாக்சனின் அலைச்சல் முழுவதும் தெளிவாகிவிடும்.

டாம்பா பேயில் 2007இல் 5 வெற்றி, 15 தோல்வி. பேஸ்பாலில் அணியின் வெற்றி தோல்வியை ஒரு பிட்சரின் பெயரில் எழுதும் வழக்கம் உண்டு. அணி மோசமாக இருந்தால் பழி அவர்மேல் விழும். அடுத்த ஆண்டே, 2008இல், 14 வெற்றி, 11 தோல்வி. அதுவரை கடைசி இடத்துக்குப் பழகியிருந்த அந்த அணி, அந்த ஆண்டு ‘உலகத் தொடர்’ எனப்படும் மேஜர் லீக் இறுதிப் போட்டிக்கே போனது. பருவம் முடிந்தவுடன் அவரை டெட்ராய்ட் டைகர்ஸுக்குக் கொடுத்தார்கள். 2009இல் அங்கே, பருவத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். அந்த ஆண்டு முடிந்தவுடன் மூன்று அணிகள் சேர்ந்து செய்துகொண்ட ஒரு பெரிய டிரேடில் அரிசோனாவுக்குப் போனார். ஜாக்சனுக்கு ஆறில் இரண்டு ஆண்டுகளே மிச்சம். அந்த ஒப்பந்தத்தில் டெட்ராய்ட் பெற்றவர்களில் ஒருவர், பல ஆண்டுகள் மிச்சமிருந்த இளம் பிட்சர் மேக்ஸ் ஷெர்சர். அவர் பின்னாளில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வென்றார். டெட்ராய்ட் வெறுத்து அனுப்பவில்லை. காலக்கெடு நெருங்கும் நல்ல பண்டத்தைக் கொடுத்து, நீண்ட நாள் இருக்கும் பண்டத்தை வாங்கிக்கொண்டது.

அரிசோனாவுக்கும் அதுவே கணக்கு. 2010இல் அந்த அணி தன் பிரிவின் அடிமட்டத்தில் கிடந்தது. கோப்பைக்குப் போட்டியிடாத அணிக்கு இன்றைய நல்ல பிட்சரைவிட நாளைய நல்ல பிட்சர் மேல். சிகாகோ ஒயிட் சாக்ஸோ அந்த ஆண்டே வெல்லத் துடித்தது. இளம் பிட்சர் டேனியல் ஹட்சனைக் கொடுத்து ஜாக்சனை வாங்கியது. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் எனக்கு விளங்காமல் இருந்த 35 நாட்களின் புதிர் இவ்வளவுதான்.

ஆனாலும் அந்த ஜூன் இரவை அப்படியே கடந்துபோக எனக்கு மனமில்லை. நோ ஹிட்டர் என்றால் துல்லியமான, பளிங்குபோன்ற ஆட்டம் என்று நினைப்போம். ஜாக்சன் எறிந்ததோ அப்படி இல்லை. எட்டு வாக் கொடுத்தார். அவற்றில் ஏழு முதல் மூன்று இன்னிங்ஸிலேயே. மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவரும் அவுட்டாகாத நிலையில் மூன்று தளங்களிலும் எதிரணியினர் நின்றார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் எல்லாம் முடிந்தது. அங்கிருந்து ரன் எதுவும் கொடுக்காமல் மீண்டார். அரிசோனா எடுத்ததே ஒரே ஒரு ரன். 1-0 என்ற முடியிழையில் தொங்கிய ஆட்டத்தை, ஏற்கெனவே தன்னை அனுப்பிவிட்ட அணியின் சொந்த மைதானத்தில், 149 பந்துகள்வரை இழுத்துக்கொண்டுபோய் முடித்தார். திறமையும் தடுமாற்றமும் ஒரே கையில் இருந்த மனிதர் அவர். அவரை எல்லோரும் விரும்பியதற்கும் யாரும் நெடுநாள் வைத்துக்கொள்ளாததற்கும் காரணம் அந்த ஒரே ஆட்டத்தில் அடங்கியிருக்கிறது. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் எறியும் கை அரிது. அந்தக் கையை நாம் சரிசெய்துவிடலாம் என்று ஒவ்வொரு பயிற்சியாளரும் நம்பினார்.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் விசித்திரம். 2011 ஜூலை 27 அன்று காலை ஜாக்சன் சிகாகோ ஒயிட் சாக்ஸின் வீரர். அன்றே அவரை டொரான்டோ புளூ ஜேஸ் வாங்கியது. அன்றே டொரான்டோ அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கொடுத்துவிட்டது. டொரான்டோவுக்கு வேண்டியது கார்டினல்ஸ் வைத்திருந்த கோல்பி ராஸ்மஸ் என்ற இளம் வெளிக்கள வீரர். கார்டினல்ஸுக்கு வேண்டியது பிட்சர். அவர்களது முதன்மைப் பிட்சர் ஆடம் வெயின்ரைட் முழங்கை அறுவை சிகிச்சையால் அந்தப் பருவம் முழுவதையும் இழந்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஜாக்சன் சில மணி நேரம் நாணயம்போலக் கைமாறினார். டொரான்டோ சட்டையை அவர் அணியவே இல்லை.

ஆகஸ்ட் பிற்பகுதியில் கார்டினல்ஸ் அடுத்த சுற்றுக்கான இடத்திலிருந்து பத்தரை ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது. பருவத்தின் கடைசி நாளில் உள்ளே நுழைந்து, டெக்சாஸ் ரேஞ்சர்ஸை ஏழு ஆட்ட உலகத் தொடரில் 4-3 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அந்தத் தொடரின் நான்காவது ஆட்டத்தைத் தொடங்கியவர் ஜாக்சன். ஏழு வாக் கொடுத்துத் தோற்றார். ஆனாலும் அந்தப் பருவத்தின் நெடிய ஓட்டத்தில் அவரது பங்கு இருந்தது. உலகத் தொடர் மோதிரம் அவர் விரலுக்கு வந்தது.

அதன்பின் ஆறு ஆண்டுக் கணக்கு முடிந்து அவர் சுதந்திர வீரரானார். 2012இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் ஓராண்டுக்கு 1 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்தது. 2013 தொடங்கி சிகாகோ கப்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு 5 கோடியே 20 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. கடைசியில் ஓர் ஊர் கிடைத்துவிட்டது என்று தோன்றிய நேரம் அது. கப்ஸ் அப்போது எல்லாவற்றையும் இடித்துவிட்டு புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த அணி. முதல் ஆண்டு 8 வெற்றி, 18 தோல்வி. அடுத்த ஆண்டு 6 வெற்றி, 15 தோல்வி. 2015 ஜூலையில் அவரை விடுவித்தார்கள்.

இங்கே இன்னொரு விதியைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிற்பகுதியில் அவர் இன்னும் வேகமாக அணி மாறியதற்கு இதுதான் காரணம். மேஜர் லீக் ஒப்பந்தங்கள் உறுதியளிக்கப்பட்டவை. வீரரை விடுவித்தாலும் மிச்சச் சம்பளத்தை அணி கொடுத்தே தீர வேண்டும். விடுவிக்கப்பட்ட அவரை வேறோர் அணி எடுத்தால், அது குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் கொடுத்தால் போதும். 2015இல் அது 5 லட்சத்து 7 ஆயிரத்து 500 டாலர். கோடிகளுக்குரிய பிட்சர் லட்சங்களுக்குக் கிடைக்கிறார் என்றால், கை ஒடிந்த பிட்சர்களால் தவிக்கும் எந்த அணிதான் எடுத்துப் பார்க்காது? அப்படித்தான் அட்லான்டா, மயாமி, சான் டியாகோ என்று போனார்; அந்த ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு பால்டிமோர், மறுபடி வாஷிங்டன். சரிவரவில்லை என்றால் அவர்களும் இழப்பின்றி அனுப்பிவிடலாம். கதவு எளிதாகத் திறக்கும். அதே எளிமையோடு மூடவும் செய்யும்.

டிரேடுக்கு மறுப்புச் சொல்லும் உரிமை ஒன்று உண்டு. மேஜர் லீக்கில் பத்து ஆண்டுகள் பணியாற்றி, அவற்றில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவர் தன்னை மாற்றக் கூடாது என்று சொல்லலாம். ஜாக்சன் பத்து ஆண்டுகளைக் கடந்தார். ஐந்தைத் தொட அவருக்கு வாய்ப்பே வரவில்லை. அந்தப் பாதுகாப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது கிடைக்காதபடி விதி அமைந்திருக்கிறது. எனக்கு இது நெஞ்சில் தைக்கிற விஷயம்.

இந்த அளவு சுதந்திரமும் சும்மா வந்ததில்லை. 1970களின் நடுப்பகுதிவரை ஆறு ஆண்டு என்ற எல்லைகூட இல்லை. ‘ரிசர்வ் கிளாஸ்’ என்ற ஒப்பந்தப் பிரிவு வீரரை வாழ்நாள் முழுவதும் ஓர் அணிக்குச் சொந்தமாக்கிவிடும். விற்பதும் மாற்றுவதும் அணியின் விருப்பம். 1969இல் கார்டினல்ஸ் அணியின் கர்ட் ஃப்ளட் என்ற வெளிக்கள வீரரை பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். அவர் போக மறுத்தார். விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் ஒரு சொத்தல்ல என்று லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதி, வழக்குத் தொடுத்தார். கறுப்பின மனிதர் ஒருவர் அந்த வார்த்தைகளை எழுதியபோது அவற்றுக்குப் பின்னால் எவ்வளவு வரலாறு இருந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவரது விளையாட்டு வாழ்க்கை அதற்கு முன்பே அழிந்திருந்தது. ஆனால் 1975 டிசம்பரில் நடுவர் பீட்டர் சைட்ஸ் கொடுத்த தீர்ப்பால் அந்தச் சங்கிலி அறுந்தது. அந்த வழக்கைக் கொண்டுவந்த இருவரும், ஆண்டி மெசர்ஸ்மித்தும் டேவ் மெக்நேலியும், பிட்சர்கள்.

அதற்கு முன்பும் ஊர்சுற்றிப் பிட்சர்கள் இருந்தார்கள். 1929 முதல் 1953 வரை ஆடிய போபோ நியூசம் ஒன்பது அணிகளில் எறிந்தவர். வாஷிங்டன் அணி அவரை ஐந்து வெவ்வேறு காலகட்டங்களில் வைத்திருந்தது. 211 வெற்றி, 222 தோல்வி. அவர் எங்கே போவது என்பதை முழுக்க முழுக்க உரிமையாளர்கள் தீர்மானித்தார்கள். ஜாக்சனின் காலத்தில் வீரரும் ஓரளவு தீர்மானிக்கிறார். மைனர் லீக் ஒப்பந்தத்தில்கூட, குறித்த தேதிக்குள் மேலே அழைக்காவிட்டால் விலகிக்கொள்வேன் என்ற பிரிவைச் சேர்த்துக்கொள்ள முடிகிறது.

2018இல் அவர் அதைத்தான் செய்தார். 34 வயது. வாஷிங்டனின் மைனர் அணியில் தொடங்கி, அழைப்பு வராததால் விலகினார். அந்த நேரத்தில் ஓக்லாந்து அத்லெடிக்ஸ் அணியில் பிட்சர்கள் வரிசையாகக் காயமடைந்திருந்தார்கள். ஜாக்சனை எடுத்தார்கள். ஜூன் 25 அன்று, நோ ஹிட்டர் எறிந்து சரியாக எட்டு ஆண்டுகள் கழித்து, தன் பழைய அணியான டெட்ராய்டுக்கு எதிராக ஓக்லாந்துச் சட்டையில் இறங்கினார். அது அவருக்குப் பதின்மூன்றாவது அணி. ஆக்டேவியோ டோட்டெல் என்ற டொமினிக்கன் பிட்சர் வைத்திருந்த சாதனை சமமானது. அந்த டோட்டெலும் 2011இல் டொரான்டோவிலிருந்து கார்டினல்ஸுக்கு ஜாக்சனோடு அதே டிரேடில் போனவர்தான்.

அந்தப் பருவம் எனக்கு மிகவும் பிடித்தது. 17 ஆட்டங்களைத் தொடங்கி, 6 வெற்றி, 3 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்ற கணக்கில் 3.33. குறைந்தால் நல்லது, அவரது மொத்த வாழ்க்கைச் சராசரி 4.78. பெரிய எதிர்பார்ப்பின்றித் தொடங்கிய ஓக்லாந்து 97 ஆட்டங்களை வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. வேகத்தை மட்டும் நம்பியிருந்த பையன், பதினைந்து ஆண்டுகள் கழித்து, மட்டையாளரை எப்படி ஏமாற்றுவது என்று அறிந்த ஆளாகியிருந்தார்.

2019 மே மாதம் டொரான்டோ அவரை வாங்கியது. 2011இல் சில மணி நேரம் மட்டும் அவரை வைத்திருந்த அதே டொரான்டோ. மே 15 அன்று சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிராக, இந்த முறை சட்டையை நிஜமாகவே அணிந்து, மேட்டில் ஏறினார். பதினான்காவது அணி. அதற்குமுன் எவரும் தொடாத எண். பந்து அவருக்குக் கட்டுப்படாத ஆண்டு அது. கடைசியில் மறுபடியும் டெட்ராய்டுக்கே போய் மேஜர் லீக் வாழ்க்கையை முடித்தார். 107 வெற்றி, 133 தோல்வி. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்களைத் தொடங்கியவர். 1,500க்கும் மேற்பட்ட ஸ்ட்ரைக் அவுட்.

தோல்விகள் அதிகம் என்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். மேஜர் லீக்கில் ஒரே ஓர் ஆட்டமாவது ஆடியவர்கள் தொடக்கம் முதல் இன்றுவரை 23,000க்குச் சற்று அதிகம். அவர்களில் பலருக்கு அந்த வாழ்க்கை ஓரிரு ஆண்டுகளில் முடிந்துபோனது. பதினேழு பருவங்களில் பந்தெறிவதற்கு, பதினேழு முறை யாரோ ஒருவர் ‘இவர் நமக்கு வேண்டும்’ என்று முடிவெடுக்க வேண்டும். பதினான்கு அணிகள் என்பதைப் பதினான்கு நிராகரிப்பு என்று எண்ணுகிறவர்கள், அதே எண்ணில் பதினான்கு அழைப்பும் இருப்பதைக் கவனிப்பதில்லை. புதிய நகரம், புதிய பந்துபிடிப்பாளர், புதிய சைகைகள், புதிய உடைமாற்று அறை. ஒவ்வொரு முறையும் தன்னை முதலிலிருந்து அறிமுகம் செய்துகொண்டு, நான்கு நாளில் ஆட்டத்தைத் தொடங்குவது தனியான ஒரு திறமை. அதற்குப் புள்ளிவிவரம் இல்லை.

2021இல், எந்த மேஜர் லீக் அணியிலும் இல்லாத நிலையில், டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக ஆடினார். மேஜர் லீக் அணிகள் தங்கள் வீரர்களை விடுவிக்காததால், அந்த அணி மூத்தவர்களையும் மைனர் லீக் இளைஞர்களையும் கொண்டு கட்டப்பட்டது. யோகோஹாமாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜப்பானிடம் 2-0 என்று தோற்று வெள்ளி வென்றார்கள். 2022 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ‘இம்மாக்குலேட் கிரிட்’ என்ற தினசரி இணையப் புதிர் பரவியது. இரண்டு அணிகளின் பெயரைக் கொடுத்து, இரண்டிலும் ஆடிய வீரரைச் சொல்லச் சொல்லும் விளையாட்டு அது. விடை தெரியாதபோது ரசிகர்கள் முதலில் நினைத்துப் பார்க்கும் பெயர்களில் ஒன்று எட்வின் ஜாக்சன்.

அவரது சாதனை தனியாக நிற்கவில்லை. ரிச் ஹில் என்ற இடதுகைப் பிட்சர் 2005இல் சிகாகோ கப்ஸ் அணியில் தொடங்கியவர். தோள் கெட்டு, முழங்கை கெட்டு, 35 வயதில் மேஜர் லீக்கோடு தொடர்பில்லாத ஒரு சிறிய லீக்கில் லாங் ஐலண்ட் டக்ஸ் அணிக்கு எறிந்துகொண்டிருந்தார். அங்கிருந்து மீண்டு டாட்ஜர்ஸ்வரை போனார். 2017 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்கில் ஒன்பது இன்னிங்ஸ் முழுவதும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் எறிந்தார். அவரது அணியும் ரன் எடுக்காததால் ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்கு நீண்டது. அங்கே அவர் கொடுத்த ஒரே ஹிட் மைதானத்தைத் தாண்டிப் பறந்தது. 1-0 என்று தோற்றார்.

2025 ஜூலை 22 அன்று கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அவரை மேட்டில் ஏற்றியது. அவருக்கு வயது 45. அது பதினான்காவது அணி; ஜாக்சனின் சாதனை சமமானது. ஆட்டம் நடந்தது சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில். எதிரே மட்டை பிடித்தவர்கள், இருபது ஆண்டுகளுக்கு முன் அவருக்கு முதல் சட்டையைக் கொடுத்த கப்ஸ்.